12 மணி நேர ஷிஃப்டும் தொழிலாளியின் காதும்

கர்நாடக அரசு 2023 பிப்ரவரியில் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைத் தாண்டாமல், ஒரு நாளின் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்கொள்ளலாம் என்றது. மூன்று மாதங்களுக்கு 75 மணி நேரமாக இருந்த ஓவர்டைம் உச்சவரம்பு 145 ஆனது. பெண்களின் இரவு ஷிஃப்ட், குடும்பத்துக்குக் கிடைக்கும் நேரம், கூடுதல் வேலைக்கான கூலி என்று பல கோணங்களில் விவாதம் நடந்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, தொழிலதிபர்கள் வரவேற்றார்கள். இத்தனைக்கும் நடுவே, அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் எந்திரத்துக்கு முன்னால் நிற்கும் ஆளின் காது என்னவாகும் என்ற கேள்வி பொதுவெளியில் எழவே இல்லை.

அது எழுந்திருக்க வேண்டிய கேள்வி. தொழிற்கூட இரைச்சலுக்கு நம் நாட்டில் உள்ள வரம்பு 90 டெசிபல். அந்த 90, எட்டு மணி நேர வேலைக்குப் போட்ட கணக்கு. தொழிற்சாலைச் சட்டத்தின் மாதிரி விதிகளில் உள்ள அட்டவணையின்படி, இரைச்சல் 95 டெசிபலாக இருந்தால் நான்கு மணி நேரம்தான் அங்கே நிற்கலாம். 100 என்றால் இரண்டு மணி, 105 என்றால் ஒரு மணி, 115 என்றால் கால் மணி. அதற்கு மேல் அனுமதியே கிடையாது. இதே அட்டவணையை மேல்நோக்கி நீட்டினால், 12 மணி நேர வேலைக்கு வரம்பு ஏறத்தாழ 87 டெசிபலுக்கு இறங்கியாக வேண்டும். வேலை நேரத்தை மாற்றியவர்கள் இந்த எண்ணைத் தொடவில்லை. எட்டு மணி நேரம் இரைச்சலில் இருந்த காதுக்கு முன்பு 16 மணி நேரம் ஓய்வு இருந்தது, இப்போது அது 12 ஆகிவிட்டது.

பெங்களூரு என்றால் கணினித் துறை என்பது வெளியூர்க்காரர்களின் நினைப்பு. தும்கூர் சாலையில் ஜாலஹள்ளி கிராஸ் பக்கம் பீன்யாவுக்குள் நுழைந்தால் வேறொரு ஊர் தெரியும். 1970களின் பிற்பகுதியில் உருவாகி, நான்கு ஸ்டேஜ்களாக விரிந்து, ஆயிரக்கணக்கான சிறு தொழிற்கூடங்கள் நெருக்கியடித்து நிற்கும் இடம் அது. பிரஸ் ஷாப், கிரைண்டிங், லேத் பட்டறை, ஃபோர்ஜிங், பவுடர் கோட்டிங், கார்மெண்ட்ஸ் எல்லாம் ஒரே தெருவில் இருக்கும். லக்கெரெ, ஹெக்கனஹள்ளி, ராஜகோபாலநகர் பக்கம் ஒற்றை அறை, இரட்டை அறை வீடுகளில் அங்கே வேலை செய்பவர்கள் குடியிருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை பக்கத்திலிருந்து வந்தவர்களும் வட கர்நாடகத்தவர்களும் மூத்த தலைமுறை என்றால், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள் அடுத்த தலைமுறை.

ஒரு பிரஸ் ஷாப்பை எடுத்துக்கொள்வோம். தகரக் கூரை, சிமென்ட் தரை, மூன்று பக்கம் வெறும் சுவர். வரிசையாக ஏழெட்டு பவர் பிரஸ்கள். ஆபரேட்டர் தகட்டுப் பட்டையை வெட்டும் அச்சான டைக்குள் தள்ளி மிதியை அழுத்துவார். ஒவ்வொரு அடிக்கும் தகடு வெட்டுப்படும் சத்தம் ஒன்று, வெட்டுப்பட்ட துண்டு கீழே தகர டிரேயில் விழும் சத்தம் இன்னொன்று. துண்டு டையில் ஒட்டிக்கொண்டால் ஏர் கன்னால் ஊதித் தள்ளுவார்கள். கூர்மையான அந்தச் சீறல் பல சமயம் பிரஸ்ஸின் அடியையே மிஞ்சும். மூலையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும். கூரையும் சுவரும் இவ்வளவு சத்தத்தையும் வாங்கித் திருப்பிப் போடும். இப்படிப்பட்ட இடத்தில் 95 முதல் 105 டெசிபல் வரை சாதாரணம். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். டையைப் பொருத்தும் செட்டர் தோளைத் தட்டுவார். டீ வந்துவிட்டது என்பதற்குக் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினால் போதும். வெளியே டீக்கடைக்கு வந்த பிறகும் சில நிமிடங்களுக்கு அவர்கள் பேச்சு கத்தலாகவே இருக்கும். தங்கள் குரல் தங்களுக்கே சரியாகக் கேட்காததுதான் காரணம்.

அரூர் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரஸ் ஓட்டும் ஒருவரிடம் காதைப் பற்றிக் கேட்டேன். "காதுக்கு என்ன சார், நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்கும், உள்ள ஙொய்னு ஒரு சத்தம் வரும். காலையில எழுந்தா சரியாயிடும்" என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி விடவில்லை. "எங்க சரியாவுது? எதச் சொன்னாலும் ரெண்டு தடவ சொல்லணும் சார். ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் பரவாயில்ல."

காது மருத்துவம் படித்தவர்கள் சொல்ல வேண்டிய விஷயத்தை அந்த அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார். உள்காதில் நத்தைக்கூடு போன்ற சிறு எலும்புச் சுருளுக்குள், ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிர் செல்கள் இருக்கின்றன. அதிர்வை நரம்புக்குப் புரியும் மின்குறிப்பாக மாற்றுபவை இவைதான். கடும் இரைச்சலில் இவை களைத்துப்போகும், சில மணி நேர அமைதி கிடைத்தால் ஓரளவு மீளும். மாலையில் அடைப்பும் காலையில் தெளிவும் அதனால்தான். மீள்வதற்குள் அடுத்த ஷிஃப்ட் வந்து, இதுவே மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் செல்கள் செத்துவிடும். மனிதக் காதில் இறந்த மயிர் செல் திரும்ப முளைப்பதில்லை. அறுவை சிகிச்சை கிடையாது, மாத்திரை கிடையாது. செவிக்கருவி சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும், தெளிவைக் கொண்டுவராது. வாரத்தில் ஆறு நாள் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் கேட்கிறது என்றால், அந்தக் காது இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது, அதைக் காப்பாற்ற அவகாசம் இருக்கிறது என்று பொருள். ஞாயிற்றுக்கிழமையும் கேட்காமல் போகும் நாளில் அவகாசம் முடிந்துவிடும்.

இந்தச் செவிட்டுத்தன்மை முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த ஒலிகளைத் தின்னும். உயிரெழுத்துகள் தாழ்ந்த ஒலிகள், ஆகவே அவை கேட்கும். மெய்யெழுத்துகளில் பல உயர்ந்த ஒலிகள், அவை தேய்ந்துபோகும். காசு என்றாலும் காது என்றாலும் ஒன்றுபோல் விழும். ஆள் பேசுவது தெரியும், என்ன பேசுகிறார் என்பது தெரியாது. தாய்மொழியில் பேசினால் மூளை இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். பெங்களூரில் அதற்கும் வழியில்லை. சூப்பர்வைசர் கன்னடத்தில் பேசுவார், பக்கத்து மெஷின்காரர் இந்தியில் பேசுவார், வீட்டுக்காரர் தெலுங்கில் பேசுவார். அரைகுறையாகக் கற்ற மொழியை அரைகுறையான காதால் கேட்க வேண்டியிருக்கிறது. இவருக்குப் பாஷை தெரியவில்லை, சொன்னால் புரிவதில்லை, மந்தம் என்று பெயர் வந்துவிடும். காது போனது யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது.

விஷயம் புதியதும் இல்லை. தொழில்வழி நோய்களைப் பற்றி முதல் பெரிய நூலை 1700-ல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸினி, வெனிஸ் நகரில் நாள் முழுக்கச் செம்பு அடிப்பவர்களின் காது கெட்டுப்போவதைப் பதிவு செய்திருக்கிறார். 1886-ல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் பாய்லர் செய்யும் தொழிலாளர்கள் நூறு பேரைச் சோதித்து, அவர்களில் பெரும்பாலோருக்குப் பொதுக்கூட்டப் பேச்சைக் கேட்பதே சிரமமாக இருந்ததைக் காட்டினார். அதே காலத்தில்தான் பெங்களூரில் பின்னி ஆலையும் கோலாரில் தங்கச் சுரங்கமும் தொடங்கின. பின்னியின் நெசவுக் கூடத்திலும் கோலார் சுரங்கத்தின் பாறைத் துளைப்பிலும் நின்றவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். கோலாரின் சிலிக்கோசிஸ் நோய் பற்றியாவது ஆவணங்கள் இருக்கின்றன. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் இரைச்சலுக்கென்று சுற்றறிக்கை விட்டது 1975-ல். அதற்குள் நான்கு தலைமுறை டிரில் பிடித்து முடித்திருந்தது.

சட்டத்தில் இந்த நோய்க்கான ஏற்பாடுகளுக்குக் குறையே இருந்ததில்லை. தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் ஒன்றாக இருந்தது. இஎஸ்ஐ சட்டத்திலும் இழப்பீட்டுச் சட்டத்திலும் இது தொழில்வழி நோயாக இடம்பெற்றிருந்தது. இரைச்சலில் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்திருந்தால் உரிமை கோரலாம் என்றிருந்தது. காகிதத்தில் இவ்வளவும் இருக்க, நடந்தது என்ன? நாக்பூரில் இருந்த தேசியச் சுரங்கத் தொழிலாளர் உடல்நல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2008-ல் எழுதிய கட்டுரை ஒன்று, இந்தச் சட்டங்களின்கீழ் முதல் இழப்பீடு 1996-ல்தான் கிடைத்தது என்று பதிவு செய்கிறது. சுதந்திரம் பெற்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து முதல் ஆள்! அதுவரை இந்தியாவின் மில்களிலும் சுரங்கங்களிலும் உருக்காலைகளிலும் ஒருவருக்கும் காது போகவில்லை என்று நம்ப முடியுமா?

சோதித்தால்தானே தெரியும். மாதிரி விதிகளின்படி, வரம்பை மீறிய இரைச்சலில் வேலைக்குச் சேர்பவருக்கு 14 நாட்களுக்குள் செவிச் சோதனை செய்ய வேண்டும், பிறகு ஆண்டுதோறும் செய்ய வேண்டும். முதல் சோதனைதான் அச்சாணி. வேலைக்கு வரும்போது காது எப்படி இருந்தது என்ற பதிவு இல்லையென்றால், பத்து ஆண்டு கழித்து, "உங்களுக்கு வயசாகிவிட்டது, பரம்பரைக் கோளாறு, ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்டிருப்பீர்கள்" என்று எளிதாகக் கைகழுவிவிடலாம். ஒப்பந்தக்காரர் மூலம் வந்து, மூன்று ஆண்டில் நான்கு கம்பெனி மாறும் ஆளுக்கு அந்த முதல் பதிவை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள்? சோதனை நடக்கும் இடங்களிலும் முறை தவறுகிறது. செவிச் சோதனையை ஒலி புகாத அறையில், ஆள் குறைந்தது 14 மணி நேரமாவது இரைச்சலைவிட்டு விலகியிருந்த பிறகு செய்ய வேண்டும். ஷிஃப்டின் நடுவே பத்து நிமிடம் கூப்பிட்டு, கேன்டீன் ஓரத்தில் உட்கார வைத்து எடுக்கும் சோதனையில் தற்காலிகக் களைப்பும் நிரந்தர இழப்பும் கலந்துவிடும். அந்தத் தாள் எதற்கும் உதவாது.

தொழிலாளிக்கும் தயக்கம் உண்டு. காது மந்தம் என்று எழுதிவிட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. இன்னொரு பக்கம், அப்படி எழுதினாலும் ஊனமுற்றோர் சான்று கிடைப்பது அரிது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சொலி அலைவரிசைகளில் இரு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் கேள்விக்குறைபாடு என்ற கணக்கில் வருவார். இரைச்சலால் கெடும் காது முதலில் இழப்பது அதைவிட உயர்ந்த ஒலிகளை. பேரப்பிள்ளை பேசுவது புரியாமல், மெட்ரோ அறிவிப்பு புரியாமல், பின்னால் வரும் வண்டியின் ஹாரன் எந்தப் பக்கம் என்று பிடிபடாமல் வாழும் ஒருவர், சான்றிதழின் கண்ணுக்கு முழுக் கேள்வித்திறன் உள்ளவராகவே தெரிவார்.

பெரிய தொழிற்சாலைகளில் இதற்கெல்லாம் ஒரே பதிலாக நீட்டப்படுவது இயர் பிளக். நுழைவாயிலில் நீல வட்டத்துக்குள் காதுக்கவசம் போட்ட தலை வரைந்திருக்கும், கீழே ஒரு பெட்டியில் மஞ்சள் நுரைப் பஞ்சு. பலரும் அதைச் சட்டைப் பித்தான் செருகுவதுபோல் காதின் வாசலில் செருகிக்கொள்கிறார்கள். அப்படி வைத்தால் பயன் மிகக் குறைவு. சுத்தமான கையால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே தள்ளி, நுரை விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். எண்ணெயும் பிசிறும் படிந்த கையோடு ஷிஃப்டில் நாலைந்து முறை கழற்றி மாட்டுபவரால் இது ஆகுமா? அதோடு இன்னொரு கணக்கு. 30 டெசிபல் தடுக்கும் என்று அட்டையில் போட்ட பிளக்கை ஷிஃப்டில் பாதி நேரம் மட்டும் அணிந்தால், மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு வெறும் 3 டெசிபல். ஏனென்றால் டெசிபல் அளவில் ஒவ்வொரு 3-க்கும் ஒலி ஆற்றல் இரட்டிக்கிறது. கழற்றியிருந்த பாதி நேரத்தில் உள்ளே போனதே மீதியை விழுங்கிவிடும். பிளக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேறு வழி வரும்வரை அது அவசியம். எல்லாப் பொறுப்பையும் தொழிலாளியின் விரல் நுனியில் வைத்துவிட்டு, "அவர்கள் போட மாட்டேன் என்கிறார்கள்" என்று நிர்வாகம் ஒதுங்கிக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே குறைக்க முடியும், அதற்கு ராக்கெட் அறிவியல் தேவையில்லை. துண்டு விழும் தகர டிரேக்கு ரப்பர் விரிக்கலாம். வெறும் குழாயால் ஊதுவதற்குப் பதிலாக ஏர் கன்னுக்கு இரைச்சல் குறைக்கும் நாசில் மாட்டினால், அந்தச் சீறல் மட்டுமே பத்து டெசிபல் வரை இறங்கும், காற்றும் மிச்சம். கம்ப்ரஸரைச் சுவருக்கு வெளியே தள்ளலாம். பிரஸ்ஸின் அடியில் அதிர்வு தாங்கிகள் வைக்கலாம். டையின் வெட்டு விளிம்பைச் சரிவாக அரைத்தால் தகடு ஒரேயடியாகத் தெறிக்காமல் படிப்படியாக வெட்டுப்படும், அடியின் ஓசை தணியும். எந்தப் பீன்யா டூல் ரூம் ஆளுக்கும் தெரிந்த வேலைதான் இது. செலவு பெரிய மெஷின் வாங்கும் செலவு இல்லை. ஆனாலும் சிறு பட்டறை முதலாளி செய்ய மாட்டார். அவருக்கு ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனி ஒரு துண்டுக்கு இத்தனை பைசா என்று நெருக்குகிறது, அந்த விலையில் ரப்பர் விரிப்புக்கு இடமில்லை. தன் சொந்த வளாகத்தில் இரைச்சல் வரைபடம் போட்டு வைத்திருக்கும் நிறுவனம், தனக்கு உதிரி பாகம் செய்து தரும் கூடத்தில் தகட்டின் தடிமனை மைக்ரான் கணக்கில் தணிக்கை செய்கிறது. அதே தணிக்கைக்காரர் பையில் ஓர் ஒலிமானியும் இருக்கட்டும். வாங்குபவர் கேட்டால் விற்பவர் செய்வார்.

தொழிற்சாலை என்ற பெயரே இல்லாத இடங்கள் இன்னும் மோசம். கப்பன்பேட்டை சந்துகளில் வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடுகிறது. ஷட்டில் தறி ஒன்றே 95 டெசிபலை எட்டும். தறிக்கும் சமையலறைக்கும் இடையே ஒரு சுவர்தான், பிள்ளைகள் படிப்பதும் தூங்குவதும் அந்தச் சத்தத்தில்தான். சோமனூரிலும் பள்ளிபாளையத்திலும் இதே நிலைதான் என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தெரியும். பெங்களூரின் அடுக்குமாடிகளுக்கு ஆழ்துளைக் கிணறு போட வரும் ரிக் லாரிகளில் பல திருச்செங்கோட்டிலிருந்து வருபவை. கம்ப்ரஸரும் பாறையை உடைக்கும் சுத்தியலும் சேர்ந்து விடிய விடிய அலறும்போது, தூக்கம் கெட்டது என்று குடியிருப்போர் போலீஸுக்குப் போன் செய்கிறார்கள். அவர்கள் புகார் நியாயமானது. அந்த ரிக்கிலிருந்து ஆறடி தூரத்தில் வெறும் காதோடு நிற்கும் பையனுக்காகப் போன் செய்ய யாரும் இல்லை. சில்க் போர்டு, ஹெப்பாள் சந்திப்புகளில் நிற்கும் போக்குவரத்துக் காவலரின் நிலை வேறு விதமான சிக்கல். அவர் காதை அடைத்துக்கொள்ளவும் முடியாது.

2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அனல் மின் நிலையத் தொழிலாளர்கள் குறித்த வழக்கில் தீர்ப்பளித்தபோது, அவர்களிடையே நுரையீரல் பாதிப்போடு செவித்திறன் இழப்பும் இருப்பதைக் குறிப்பிட்டு, கண்காணிப்பை உயர் நீதிமன்றங்களிடம் விட்டது. 2025 நவம்பர் 21 முதல், தொழிற்சாலைச் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் ஒரு நல்லது, ஒரு கெட்டது. நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளருக்கு ஆண்டுதோறும் இலவச உடற்பரிசோதனை உண்டு என்பது நல்லது. ஆனால் இரைச்சலால் வரும் இழப்பில் பெரும் பங்கு முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே நிகழ்ந்துவிடும். இருபது வயதில் பிரஸ் ஓட்ட வந்தவரை நாற்பதில் சோதிப்பது, போனதற்குக் கணக்கெழுதும் வேலை மட்டுமே. கெட்டது, மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்த வரையறை இருபது பேராக உயர்ந்தது. பீன்யாவின் கூடங்களில் எத்தனை இந்த இடைவெளியில் விழும் என்பதை அங்கே ஒரு தெருவில் நடந்துபார்த்தாலே ஊகிக்கலாம்.

வரம்பு எண்ணையே மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. 90 என்பது அரை நூற்றாண்டுக்கு முந்தைய அமெரிக்க அட்டவணையின் எண். அமெரிக்காவின் தொழில்வழிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998-ல் வெளியிட்ட மதிப்பீடு, 90 டெசிபலில் வாழ்நாள் முழுக்க வேலை செய்பவர்களில் நூற்றுக்கு 25 பேர் இரைச்சலால் மட்டுமே செவித்திறனை இழப்பார்கள் என்கிறது. 85 டெசிபலில் அது 8. அந்நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 85, அதுவும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் கணக்கில். அதன்படி 100 டெசிபல் இடத்தில் ஒருவர் நிற்கலாகும் நேரம் 15 நிமிடம். நம் அட்டவணை அதே இடத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2003-ம் ஆண்டு உத்தரவில் 80 டெசிபலிலேயே தொழிலாளிக்குக் காதுக்கவசம் தர வேண்டும் என்று தொடங்கி, 87-ல் உச்சவரம்பு வைத்துவிட்டது.

கர்நாடகம் நினைத்தால் முன்கை எடுக்க முடியும். மைசூரில் 1960களிலிருந்து அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, செவிச் சோதனை செய்யும் ஆட்களை நாட்டுக்கே அது பயிற்றுவிக்கிறது. தேவனஹள்ளிப் பக்கம் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் தென்மண்டலத் தொழில்வழி நலவாழ்வு மையம் இருக்கிறது. பீன்யாவிலேயே இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. ஒலி புகாத அறை பொருத்திய இரண்டு வேன்கள், திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் ஸ்டேஜ் ஸ்டேஜாகச் சுற்றட்டும். ஆட்களின் எண்ணிக்கை பார்க்காமல், நிரந்தரமா ஒப்பந்தமா என்று கேட்காமல், இஎஸ்ஐ எண் உள்ள ஒவ்வொருவருக்கும் வேலைக்குச் சேரும்போது ஒரு சோதனை, ஆண்டுக்கு ஒரு சோதனை. முடிவு அவர் இஎஸ்ஐ கணக்கிலேயே ஏறினால், கம்பெனி மாறினாலும் பதிவு அவரோடு போகும், இழப்பீடு கேட்கும் நாளில் சாட்சியாக நிற்கும். காதில் சரிவு தெரிந்தால் ஆளை நீக்கக் கூடாது, மெஷினைத்தான் திருத்த வேண்டும் என்பதை விதியிலேயே எழுத வேண்டும், இல்லையென்றால் யாரும் வேனில் ஏற மாட்டார்கள். புதிய சட்டத் தொகுப்பின்கீழ் மாநிலம் வகுக்கும் விதிகளில், எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல், 12 மணி நேர ஷிஃப்ட் நடக்கும் கூடத்துக்கு 83 என்று தனித்தனியாக எண் போட வேண்டும். அந்த 83-க்கு மேல் இரைச்சல் உள்ள கூடத்துக்கு 12 மணி நேர ஷிஃப்ட் அனுமதி தரக் கூடாது.